பாதத்தில் தட்டு இல்லாதவன்

விழுந்து கிடப்பவர்களை நிமிர்த்தக் கூடாது என்று எனக்கு முதலில் சொன்னவர் டிட்மார் ஐயா, மூன்று வருசத்துக்கு முன்னம், தை மாதத்தில், இந்த ஜேர்மன் ஊர் மியூசியத்தில் நான் துப்புரவு வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது கிழமை. அன்றைக்கும் இன்றையைப்போல ஒரு செவ்வாய்தான். செவ்வாயில் மியூசியம் பூட்டு, பார்க்க ஆட்கள் வரமாட்டார்கள், நான் அறை அறையாகத் துடைத்துக்கொண்டு வருவேன், அவர் இந்தப் பெரிய மேசை அறையில் தன் பொம்மைப் படையோடு இருப்பார். இப்போதும் நான் இந்தப் பக்கம் கண்ணாடிக்குத் தண்ணீர் விசிறித் துடைக்கிறேன், அவர் அந்தப் பக்கம் கொப்பியும் பென்சிலுமாகக் குனிந்து எண்ணுகிறார், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழு டிவிஷன். எண்பத்தொரு வயது. உதடு மட்டும் அசைகிறது. மாதாவே, இந்த முறை அவருக்குக் கணக்குச் சரியாக வரட்டும் என்று என் வாய் தன்பாட்டில் செபிக்கிறது. எப்படி வரும். வராதென்று தெரிந்துகொண்டே செபிக்கிற வாய் என்ன வாய். குறைகிற ஒருவன் என் வேலைச் சட்டைப் பைக்குள் அல்லவா கிடக்கிறான். குனிகிற நேரமெல்லாம் தொடையில் குத்துகிறான், சின்ன விரல் நீளம், வெள்ளீயம், தலையில் கூர் வைத்த தொப்பி. துடைத்த இடத்தையே திரும்பவும் துடைக்கிறேன். அந்தத் தை மாதம் வெளியே தெருவைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள், மெசின் போட்ட சத்தத்தில் சுவரே நடுங்கியது, மேசையைப் பார்த்தால் பச்சைப் புல்விரிப்பில் நூற்றுக்கணக்கில் பொம்மைகள் விழுந்து கிடந்தன. அதிர்வில் விழுந்துவிட்டதாக்கும், வந்த புதிதில் என் தலையில் பழி விழப்போகிறது என்று பயந்து, கண்ணாடி மூடியைக் கூட்டுகிற தும்புத்தடியால் முட்டுக்கொடுத்து உயர்த்தி, ஒவ்வொருவராக நிமிர்த்தினேன். ஒருவனும் நிற்கவில்லை. விடுவேனா. வேலியில் சாத்தினேன், மரத்தில் சாத்தினேன், பீரங்கிச் சில்லில் சாத்தினேன், ஒன்றுமில்லாத இடத்தில் ஒருவன் முதுகில் மற்றவனைச் சாத்தினேன். இரண்டு மணித்தியாலம். வயலில் வேலை முடித்துக் களைத்து இருப்பவர்கள் மாதிரி எல்லாரும் வடிவாக இருந்தார்கள், எனக்கே பெருமையாக இருந்தது. அவர் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார். "ஃபிராவ் அந்தோணி," என்றார். என் மனுசனின் பெயர் அந்தோணிமுத்து, அதில் பாதிதான் அவருடைய நாக்குக்கு ஏறும். "என்ன செய்திருக்கிறீர்கள்?" "விழுந்து போனார்கள், நிமிர்த்தினேன்," என்றேன் எனக்குத் தெரிந்த ஜேர்மனில். கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், சிரித்து இருமி, இருமிக் கண்ணைத் துடைத்தார். "எங்கள் ஜெனரல் ஒருவராலும் முடியாததை நீங்கள் ஒரு காலையில் செய்து முடித்துவிட்டீர்கள்." பிறகு ஒருவனை எடுத்துத் திருப்பி, பாதத்தைக் காட்டினார். நிற்கிறவனுக்குக் காலடியில் ஒரு தட்டு இருக்கிறது. இவனுக்கு இல்லை. "இவன் விழுந்தவன் இல்லை, ஃபிராவ் அந்தோணி. வார்க்கும்போதே செத்தவன்."

அந்த வெட்கம் சின்ன வெட்கம், சிரித்துக் கரைக்கக்கூடிய வெட்கம். மூத்தவள் மெற்றில்டாவுக்குச் சொன்னேன், அவள் தமிழ்ப் பூசைக்கு வருகிற எல்லாருக்கும் சொன்னாள். தேத்தண்ணி குடிக்கிற இடத்தில் ஸ்ரெல்லா மச்சாள் எல்லாருக்கும் கேட்க, "இயேசு எழுப்பினது ஒரு லாசறைத்தான், எங்கட றெஜினா இருநூறு பேரை எழுப்பிப்போட்டா," என்றாள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதற்குப் பிறகு டிட்மார் ஐயா செவ்வாய் தோறும் எனக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினார். என் படிப்பு எட்டாம் வகுப்போடு நின்றது, அதுவும் கடலுக்குப் போகிற நாள் போக மிச்ச நாள்தான். ஆனாலும் பிடித்துக்கொண்டேன், செபமாலையில் வைத்துப் பிடித்தேன். டிவிஷன் என்றால் ஒரு வீடு. வீட்டுக்குள் இரண்டு பிரிகேட். பிரிகேட்டுக்கு இரண்டு றெஜிமென்ற், ஆக நாலு. றெஜிமென்றுக்கு மூன்று பற்றாலியன், பற்றாலியனுக்கு நாலு கொம்பனி, சண்டை நேரம் கொம்பனிக்கு இருநூற்றைம்பது பேர். பன்னிரண்டாயிரம். ஒரு பக்கம் குதிரைக்காரர், ஒரு பக்கம் இருபத்துநாலு பீரங்கி, பாலம் போடுகிறவர்கள் கொஞ்சம், காயக்காரரைத் தூக்குகிறவர்கள் கொஞ்சம். றெஜிமென்றில் முதல் இரண்டு பற்றாலியனுக்கு இடுப்பு வார் வெள்ளை, மூன்றாவதற்குக் கறுப்பு. கறுப்பு வார். அவனுக்கும் கறுப்பு வார்தான், பைக்குள் இருக்கிறவனுக்கு. நெப்போலியனைத் துரத்திய பிறகு, சமாதான காலத்தில், பிரஷ்ய ராசா இப்படிக் கூட்டி எழுதி வைத்தாராம். "சமாதானத்தில் ஏன் சண்டைக்கு ஆள் சேர்த்தார்கள்?" என்று கேட்டேன். "அதுதான் பிரஷ்யா," என்றார். ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தாறில் ஒஸ்ற்றியாக்காரரோடு, எழுபதில் பிரெஞ்சுக்காரரோடு, இந்த மேசையில் இருப்பது எழுபது, பிறகு தொள்ளாயிரத்துப் பதினாலில் உலகம் முழுதோடும், பத்தொன்பதில் கலைத்துவிட்டார்கள், நூறு வருச வீடு. ஒரே பகுதி ஊர்களில் இருந்து ஆள் எடுப்பார்களாம், அண்ணன் தம்பி ஒரே கொம்பனியில் நிற்பார்களாம், ஒரு காலைச் சண்டையில் ஒரு கோயில் பங்கே காலியாகிவிடுமாம். பன்னிரண்டாயிரத்தையும் வார்க்க ஏலாதென்று பத்துப் பேருக்கு ஒரு பொம்மை செய்தார், அவரும் இரண்டு சிநேகிதர்களும், இருபத்தாறு வருசமாக, மயிர் நுனித் தூரிகையால் மீசை கீறி. சிநேகிதர்கள் இரண்டு பேரும் இப்போது இல்லை. பத்துப் பேருக்கு ஒருவன். செபமாலையில் ஒரு தேவ இரகசியத்துக்குப் பத்து மணி. அப்படிப் பார்த்தால் என் பைக்குள் கிடப்பது ஒருவன் இல்லையே, மற்ற ஒன்பது தாய்மாருடைய பிள்ளைகளையும் அல்லவா கேளாமல் தூக்கிக்கொண்டு போனேன். இது எனக்கு இப்போதுதான் பிடிபடுகிறது, கையில் ஈரச்சீலையோடு நிற்கிறபோது. இன்னொன்றும் சொன்னார், போன வருசம் மழை பெய்த ஒரு செவ்வாயில். பதினாலில் தொடங்கிய சண்டையில் இரண்டாவது வருசம் புதுப் புது டிவிஷன் கட்டவேண்டி வந்ததாம், அதற்காகப் பழைய டிவிஷன்களிடம் நாலு றெஜிமென்றில் ஒன்றைத் தரும்படி கேட்டார்களாம். நாலு பிள்ளைகள் இருந்த வீட்டில் மூன்று. "எது என்று சொன்னது யார்?" என்று கேட்டேன். "மேலிருந்து ஒரு கடதாசி வரும்." "வீட்டுக்காரரிடம் கேட்கமாட்டார்களா? அந்த டிவிஷன் ஜெனரலிடம்?" அவர் கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். "கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார்? நானென்றால் நல்லதை வைத்துக்கொண்டு நலிந்ததைத் தள்ளிவிடுவேன். நீங்கள் வேறு மாதிரியா செய்வீர்கள், ஃபெல்ட்வேபல்?" ஃபெல்ட்வேபல் என்றால் கொம்பனிச் சாஜன். சப்பாத்தைத் துடைத்துவிட்டு உள்ளே வாருங்கள் என்று நான் அவரை அதட்டிய நாளிலிருந்து எனக்கு அந்தப் பட்டம். பகிடிக்குத்தான் கேட்டார். வாளித் தண்ணீரை மாற்றவேண்டும் என்று சொல்லிவிட்டு வெளியே போய், குழாயைத் திறந்து விட்டு, வாளி நிரம்பி வழிந்து சப்பாத்து நனையும் வரைக்கும் நின்றேன்.

இப்போது நூற்று நாற்பதைத் தாண்டியிருப்பார், ஆற்றங்கரைக்கு வந்துவிட்டார், அங்கேதான் கூடக் கிடக்கிறார்கள். விழுந்தவர்கள் இருநூற்றுப் பதினாறு. அவருடைய கொப்பியின் முதல் பக்கத்தில் அப்படித்தான் இருக்கிறது, மாதம் ஒரு முறை எண்ணி அதற்குக் கீழே திகதி போடுவார், வருசக்கணக்காக இருநூற்றுப் பதினாறு, இருநூற்றுப் பதினாறு, ஒரே எழுத்து. கார்த்திகையிலிருந்து இருநூற்றுப் பதினைந்து. கார்த்திகை இரண்டாம் திகதி மரித்த ஆத்துமாக்களின் திருநாள். தமிழ்ப் பூசையில் செத்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள், என் மகன் டொமினிக் வருசம் தவறாமல் தம்பியின் பெயரையும் எழுதிக் கொடுப்பான், நான் வருசம் தவறாமல் காய்ச்சல் என்று பொய் சொல்லி அந்தப் பூசைக்குப் போகாமல் நிற்பேன். போன தடவை காய்ச்சல்காரி வீட்டில் இருக்கவும் ஏலாமல் இங்கே வேலைக்கு வந்தாள். ஆள் இல்லை. தும்புத்தடியை முட்டுக்கொடுத்தேன். ஆற்றங்கரையில், மற்றவர்களை விட்டுக் கொஞ்சம் தள்ளி, ஒருக்களித்து, கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தான். வீட்டில் அவன் படுக்கிற மாதிரியே. இன்றைக்கு ஒரு நாளைக்குத்தான் மாதாவே, நாளைக்குக் கொண்டுவந்து வைத்துவிடுவேன். வீட்டு மேசையில் மாதா சுருபத்துக்கு முன்னால் மெழுகுதிரியை உருக்கி ஊற்றி, சூடு ஆறமுதல் அவனுடைய காலை அதற்குள் ஊன்றிப் பிடித்தேன். விரல் சுட்டது. கையை எடுத்தேன். நின்றான். அவ்வளவு சந்தோசம், வெட்கமில்லாத சந்தோசம், எனக்கு எத்தனையோ காலம் வந்ததில்லை. அந்த நாளை வரவேயில்லை. மார்கழியில் டிட்மார் ஐயா ஒருமுறை எண்ணிவிட்டுத் திரும்பவும் எண்ணினார். தையில் மூன்று முறை. "ஃபிராவ் அந்தோணி, உர்சுலாவுக்குக் கரண்டியில்தான் தொடங்கியது," என்றார். உர்சுலா அவருடைய மனிசி, நான் வருமுன்னமே செத்துப்போனா. கரண்டிகளை எண்ணி எண்ணி வைப்பாவாம், ஆறு இருக்கும், ஐந்து என்பாவாம், களவு போய்விட்டது என்று அழுவாவாம், கடைசியில் இவரையே ஆரென்று கேட்டாவாம். "நான் அவளைத் திட்டினேன். ஆறு இருக்கிறது, குருடியா என்று திட்டினேன். இப்போது எனக்கு ஐந்து வருகிறது." அப்போது சொல்லியிருக்கலாம். வாய்க்குள் வந்து நின்றது. களவெடுத்தவள் என்று வேலையால் நிற்பாட்டுவார்கள், மெற்றில்டா பூசைக்குத் தலைகாட்ட ஏலாது, லாசறை எழுப்பினவள் கள்ளி என்பார்கள். அதைவிட, ஏன் எடுத்தாய் என்று கேட்பாரே. அந்த ஏன். "திரும்பவும் எண்ணிப் பாருங்கள் ஹெர் டிட்மார்," என்றேன். ஒரு மனிதன் தன் புத்தியைத் தானே சந்தேகிக்கப் பார்த்துக்கொண்டு நின்று, திரும்பவும் எண்ணிப் பார் என்று சொன்னவள் நான். மெற்றில்டா ரெலிபோனில் கேட்டாள், "என்னம்மா, அந்தக் கிழவனுக்கு இப்ப கிழமைக்குக் கிழமை கேக் செய்து கொண்டு போறியளாம், என்ன விசயம்?" "போடி விசரி," என்றேன். உன்னிடம் அவர் கேட்டது கேக்கா, றெஜினா. நாளைக்கு நகரசபைக்காரர் வருகிறார்கள். ஐயா எல்லாம் இருக்கிறதென்று கையெழுத்துப் போட்டுவிட்டு இந்த அறைச் சாவியைக் கொடுக்கப்போகிறாராம், இனி இதற்குப் பொறுப்பாக இருக்கத் தனக்குத் தலை இல்லையாம். எல்லாம் இருக்கிறதென்று எப்படிப் போடுவார். கடைசியாக ஒருமுறை எண்ணுகிறார். அதற்காகத்தான் இன்றைக்கு மெழுகோடு சேர்த்துப் பெயர்த்தெடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன், அவர் தேத்தண்ணி குடிக்கப் போகிற நேரம் சத்தமில்லாமல் வைத்துவிட்டால் முடிந்தது. ஆனால் இன்றைக்கு அவர் எழும்பவே இல்லை. வைத்துவிட்டாலும் என்ன. திரும்ப எண்ணி இருநூற்றுப் பதினாறு வந்தால் சந்தோசப்படுவாரா? இல்லை, மூன்று மாதமாக இருந்ததைக் காணாத கண் என்றல்லவா நினைப்பார். சத்தமில்லாமல் வைக்கிறதும் அவரைத்தான் பைத்தியமாக்கும்.

ஏன் எடுத்தாய். எனக்குப் பிள்ளைகள் மூன்று என்று இவருக்குச் சொல்லியிருக்கிறேன், இங்கே வேலைப் படிவத்திலும் மூன்று. தமிழ்ச் சனத்துக்கு நாலு, ஆனால் அதோடு சேர்த்து ஒரு வசனம், சின்னவன் தானாப் போனவன். எத்தனை முறை சொல்லியிருப்பேன், சொல்லிச் சொல்லி அது செபம் மாதிரி மனப்பாடம். பெனடிக் தானாப் போனவன். டொமினிக் அதைத் தன் பிள்ளைகளுக்கும் சொல்கிறான், சித்தப்பா தானாப் போன வீரன் என்று, நான் கோப்பையைக் கழுவிக்கொண்டே நிற்கிறேன். எங்கள் கடற்கரை ஊருக்கு இயக்கம் வீட்டுக்கு ஒரு ஆள் என்று கேட்டு வந்த காலம். மெற்றில்டா கலியாணம் முடித்துப் போய்விட்டாள். டொமினிக் சோதனைக்குப் படிக்கிறான், மத்தியானம் வகுப்பில் நின்றான். கடைக்குட்டி கிளறா கிணற்றடியில். பெனடிக்குக்குப் பத்தொன்பது, படிப்பு ஏறவில்லை, வலை ஏறியது, அறைக்குள் இருந்து புட்டும் சூடைமீன் குழம்பும் தின்றுகொண்டிருந்தான். வந்தவர்கள் இரண்டு பேர், மரியாதையாகத்தான் கதைத்தார்கள். "அம்மா, உங்கட வீட்டில ரெண்டு பெடியள். ஆரெண்டாலும் எங்களுக்குச் சரி. நீங்களே சொல்லுங்கோ." ஆரும் இல்லை என்று சொல்லியிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம், மற்ற வீடுகளில் விழுந்தார்கள். மண் அள்ளித் தூற்றியிருக்கலாம். நான் சொன்னது அந்த ஒரு வசனம். "மூத்தவன் படிக்கிறவன், தம்பி." அவ்வளவுதான். பெனடிக் என்ற பெயரை என் வாய் சொல்லவில்லை. சொல்லவில்லை, மாதாவே, சொல்லவேயில்லை என்று எத்தனை இராத்திரி உம்மோடு வழக்காடியிருக்கிறேன், நீரும் ஒரு பிள்ளையைக் கொடுத்தவதானே என்று ஒருமுறை கேட்டும்விட்டேன், கேட்ட வாயை அடித்தேன், நீர் கைகாட்டிக் கொடுக்கவில்லையே. அவனுக்குக் கேட்டது. நடுவில் ஒரு கிடுகுத் தட்டிதான். எழும்பிக் கை கழுவுகிற சத்தம் கேட்டது. ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு வந்தான். முகத்தில் கோபம் இருந்திருந்தால் நான் பிழைத்திருப்பேன். "அம்மா சொல்லுறது சரி அண்ணை," என்றான் அவர்களிடம். என்னிடம், "மிச்சத்தை மூடி வையுங்கோ அம்மா." மூடி வைத்தேன். மூன்றாம் நாள் நாறும்வரைக்கும் மூடி வைத்திருந்தேன். ஒன்றரை வருசம் கழித்து, அகதி முகாமில், அவனோடு நின்ற ஒரு பெடியன் ஒற்றைக் காலோடு வந்து, "விழுந்ததைக் கண்டனான் அம்மா, தூக்க ஏலாமல் போச்சு," என்றான். விழுந்ததைத்தானே கண்டாய் என்று அவனோடு சண்டைக்குப் போனேன், காலில்லாத பிள்ளையோடு. விழுந்தவன் எழும்பமாட்டானோ. பதினேழு வருசமாக என் செபமாலையில் அவன் உயிரோடிருப்பவர்களின் பக்கம்தான், மெற்றில்டா, டொமினிக், பெனடிக், கிளறா, நாலு பேருக்கும் நல்ல சுகத்தைக் கொடும். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமியிடம் கோபம் சொன்னேன், பொறாமை சொன்னேன், ஸ்ரெல்லா மச்சாளைப் பற்றிப் புறம் கதைத்தது சொன்னேன். இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவன் செத்துவிடுவான். நான் கைகாட்டினேன் என்றால், கைகாட்டிய இடத்துக்கு அவன் போனான் என்றால், போன இடத்தில் விழுந்தான் என்றால். ஒன்றின் முதுகில் ஒன்றாக எல்லாவற்றையும் சாத்தி வைத்திருக்கிறேன், ஒன்றை எடுத்தால் எல்லாம் சரியும். அவனை நிற்க வைத்தது அவனுக்காக என்றா நினைத்தாய் றெஜினா. அவன் நின்றால் நீ சொல்லவில்லை என்று ஆகும்.

பென்சில் நின்றுவிட்டது. டிட்மார் ஐயா நிமிரவில்லை, கொப்பியை விரல் வைத்து மூடினார். "இருநூற்றுப் பதினைந்து," என்றார், எனக்கில்லை, மேசைக்கு. பிறகு என்னைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தார். "ஃபெல்ட்வேபல், அறிக்கை. ஒருவன் ஓடிவிட்டான். இல்லாவிட்டால் நான் ஓடத் தொடங்கிவிட்டேன்." சாவிக் கோர்வையைப் பையிலிருந்து எடுத்துக் கண்ணாடியின்மேல் வைத்தார், நான் துடைத்த இடத்தில், அந்தச் சின்னச் சத்தம் கை கழுவுகிற சத்தம் மாதிரிக் கேட்டது, ஏன் அப்படிக் கேட்டதென்று எனக்குத் தெரியாது. என் கை பைக்குள் போனது. இந்த முறை வாய் ஒன்றும் செபிக்கவில்லை. சாவிக்குப் பக்கத்தில் அவனை வைத்தேன், காலில் மெழுகுக் கட்டியோடு, நின்றான். "உங்கள் தலைக்கு ஒன்றும் இல்லை, ஹெர் டிட்மார். உங்கள் எண்ணிக்கை எல்லாம் சரி. நான்தான் எடுத்தேன், கார்த்திகையில்." அவர் கத்துவார் என்று நினைத்தேன், கத்தட்டும் என்று நினைத்தேன். எடுத்துக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, மெழுகை நகத்தால் தொட்டுப் பார்த்தார். "மூன்று மாதம்," என்றார். "மூன்று மாதமாக நான் உர்சுலாவிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேன், ஃபிராவ் அந்தோணி." "தெரியும்," என்றேன். தெரியும் என்று சொல்கிறபோது தரையைத்தான் பார்த்தேன், என் சப்பாத்தில் சவர்க்கார நுரை. "ஏன்?" என்றார். அந்த ஏன். "எனக்குப் பிள்ளைகள் நாலு," என்றேன். அவருடைய முகம் திரும்பவும் பயந்தது. "மூன்று என்றல்லவா சொன்னீர்கள்? அதையும் நான்..." "இல்லை, இல்லை. நீங்கள் மறக்கவில்லை. நான் மூன்று என்றுதான் சொன்னேன். நாலு. நாலில் ஒருவனை என்னிடம் கேட்டார்கள். நான் சொன்னேன்." ஜேர்மனில் அதற்குமேல் எனக்கு வரவில்லை, தமிழிலும் வந்திராது. மழை நாளில் தான் கேட்ட பகிடி அவருக்கு ஞாபகம் வந்ததோ என்னவோ, கண்ணாடியைக் கழற்றினார், துடைக்காமலே திரும்பப் போட்டார். மெழுகைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டினார், தூரிகை பிடித்த விரல்கள், ஒரு பொடியும் தரையில் விழவில்லை. சுரண்டி முடித்து அவனை என் உள்ளங்கையில் வைத்தார். பாதம் வெறும் பாதம். நிமிர்த்திப் பார்த்தேன், சாய்ந்தான். இருநூற்றுப் பதினாறு. ஆற்றங்கரையில் அவனுடைய இடம் பச்சை மங்காமல் இன்னும் தெரிகிறது, ஒருக்களித்துப் படுத்த அளவுக்கு. தும்புத்தடி சுவரில் சாத்தியிருக்கிறது. அதை முட்டுக்கொடுத்தால் நான் தனியவே செய்துவிடுவேன், எப்போதும் தனியத்தான் செய்தேன். "ஹெர் டிட்மார்," என்றேன், "அவனைக் கிடத்தவேண்டும். மூடியின் அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடிப்பீர்களா?"